இங்கர்சால் மீன் வாங்குகிறார்

சண்டை போடாத மீனாகப் பார்த்து வாங்கி வரச் சொல்லியிருந்தாள் பொற்கொடி. செடியும் வேண்டும், அதுவும் பிளாஸ்டிக் இல்லை, நிஜச் செடி. இதென்ன பிரமாதம், போனோம் வந்தோம் என்று முடிகிற வேலை என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அயனாவரத்தில் ஆட்டோ ஏறிய இங்கர்சால், கொளத்தூர் மீன் கடைத் தெருவில் இந்த ஒரு கடைக்குள் நுழைந்ததிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறார், இன்னும் ஒரு மீனைக்கூடக் கை காட்டவில்லை. சுவர் முழுக்கத் தொட்டிகள், ஒன்றின் மேல் ஒன்றாக, ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு, ஒவ்வொன்றிலும் காற்றுக் குழாயின் களகளப்பு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். குழந்தைகள் கண்ணாடியைத் தட்டுகின்றன, அம்மாக்கள் தட்டாதே என்கிறார்கள், கடைக்காரர் டில்லி காதில் செருகிய போனில் யாருடனோ பேசிக்கொண்டே வலையைத் தண்ணீரில் விட்டு எடுக்கிறார். கல்லாவுக்கு மேலே ஒரு கடிகாரம், அதன் பக்கத்தில் தினசரி காலண்டர். அந்தக் காலண்டரை இங்கர்சால் உள்ளே வந்ததுமே பார்த்துவிட்டார். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. கண் இருக்கிறது, அது பாட்டுக்கு எங்கேயோ போய் நிற்கிறது, அதற்கு அவர் என்ன செய்வார். ஞாயிறு, ராகு காலம் நாலரை முதல் ஆறு. இதற்காக ஒன்றும் அவர் நிற்கவில்லை. மீன் என்பது நிதானமாக, நாலு பேரைக் கேட்டு, திரும்பத் திரும்பப் பார்த்து வாங்குகிற விஷயம். அவசரப்பட்டு எதையாவது அள்ளிக்கொண்டு போனால் ஒன்றை ஒன்று கடித்துக்கொள்ளும். அதனால்தான் நிற்கிறார். கடிகாரத்தில் இன்னும் ஐந்துகூட ஆகவில்லை.

அவருக்குக் கல்யாணம் நடந்ததே ராகு காலத்தில்தான். இதே ஞாயிற்றுக்கிழமை, இதே நாலரை ஆறு. கறுப்புச் சட்டைக்கார அப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டிப் புரட்டி, இருப்பதிலேயே ஆகாத நாளாக, ஆகாத நேரமாகத் தேடிக் குறித்த முகூர்த்தம் அது. ஊரில் மற்றவர்கள் நல்ல நேரத்துக்கு மெனக்கெடுவதைவிட உங்கப்பா கெட்ட நேரத்துக்கு அதிகமா மெனக்கெட்டாரு என்று பொற்கொடி இன்றைக்கும் சிரிப்பாள். தாலி இல்லை, ஐயர் இல்லை, மைக் மட்டும் இருந்தது. பேச வந்தவர்கள் பேசிப் பேசி, மாலை மாற்றும்போது ராகு காலமே முடிந்துவிடுமோ என்று அப்பா வேர்த்து விறுவிறுத்துப் போனார். மாலை போட்டுவிட்டு அவள் இவர் காதில் மெதுவாக, வணக்கம் தோழரே என்றாள். அன்றிலிருந்து கோபம் வந்தாலும் குஷி வந்தாலும் அவர் தோழர்தான். முச்சந்தியில் கழித்துப் போட்டிருக்கும் எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து, பிழிந்து, சர்க்கரை போட்டுப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்தவர் அப்பா. இங்கர்சாலும் குடித்தார், அக்கா திராவிடச்செல்வியும் குடித்தாள், இரண்டு பேருக்கும் ஒரு வயிற்று வலிகூட வந்ததில்லை. அந்த அக்காதான் கல்யாணமாகி ஆவடிக்குப் போனதும் செவ்வாய் வெள்ளி, சஷ்டி, கிருத்திகை என்று அப்படியே தலைகீழாக மாறிப்போனாள்; பெயரைத்தான் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்று காலையில் போன் செய்து சொன்னாள்: "டேய், மீன் தொட்டி வைக்கிறீங்களாமே, ரொம்ப நல்லதுடா. வீட்ல யாருக்காவது ஏதாவது வர்றதா இருந்தா மீனு அதத் தன் மேல வாங்கிக்கும். செத்துச்சுன்னா அழாதீங்க, ஒரு கண்டம் கழிஞ்சுதுன்னு நினைச்சுக்கோங்க." இங்கர்சால் சிரித்தார். அப்படியென்றால் காசிமேட்டில் வலை போடுகிறவர் வீட்டில் சாவே விழாதா அக்கா என்று கேட்டார். அக்கா சிரிக்கவில்லை. "சிரி, நல்லா சிரி. நாளைக்கு ரிசல்ட் வர்றதுக்கு முந்தி தொட்டியில மீன விட்டுடு" என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அவர் தொண்டையில் காலையிலிருந்து அப்படியே நிற்கிறது, உள்ளே போகவும் இல்லை வெளியே வரவும் இல்லை.

நாளை என்று நினைத்ததும் வலது கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தாமாக உரசிக்கொண்டன. இது ஒரு புதுப் பழக்கம். குளியலறைக்குள்ளிருந்து பொற்கொடி கூப்பிட்ட அன்றிலிருந்து வந்தது. ஈரக் கையால் அவர் கையைப் பிடித்து இடது மார்பின் ஓரத்தில் வைத்து, "இங்க பாருங்க, ஏதோ இருக்குல்ல?" என்றாள். இருந்தது. புளியங்கொட்டை அளவு. அவர் அழுத்திப் பார்த்தார், அது நழுவவில்லை. விரலுக்கு அடியில் நழுவி ஓடினால் பயமில்லை என்று பின்னால் யாரோ சொன்னார்கள், சொன்னவருக்கு என்ன தெரியுமோ, ஆனால் அவர் விரல்கள் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டன, சாம்பாரில் முருங்கைக்காய் தட்டுப்பட்டாலும் சட்டையில் பொத்தான் தட்டுப்பட்டாலும் நழுவுகிறதா என்று பார்க்கின்றன. டாக்டர் சின்னப் பெண். ஊசியில கொஞ்சம் எடுத்துப் பாத்துடலாம்மா, பாக்காம எதுவும் சொல்ல முடியாது என்றாள். எடுத்தார்கள், பார்த்திருப்பார்கள், திங்கட்கிழமை காலையில் சொல்வார்கள். நடுவில் செய்வதற்கு எதுவுமே இல்லை. ஒரு மாத்திரை இல்லை, பத்தியம் இல்லை, யாரையும் போய்ப் பார்த்துப் பேச வழியில்லை. கை இரண்டும் கட்டிப் போட்ட மாதிரி இருக்கிறது. இங்கர்சாலின் பிழைப்பே தண்ணீரைச் சோதித்துச் சொல்வதுதான். தனியார் ஆய்வகத்தில் இத்தனை வருஷம் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரோடு வந்து நின்றவர்களிடம், நாளைக்கு வாங்க, சொல்றேன் என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறார். அவர்களெல்லாம் அந்த நாளை வரைக்கும் எங்கே போய் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பொற்கொடிக்குத் தொட்டி கிடைத்தது. மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்தபோது விட்டுவிட்டுப் போனது. கழுவி, கல் பரப்பி, தண்ணீர் ஊற்றி, ஃபில்டரை ஓடவிட்டு, ஒரு வாரமாக அந்த வெறும் தண்ணீருக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். "டிவி பாக்கப் பிடிக்கல தோழரே. யார்கிட்டயும் பேசவும் பிடிக்கல. சும்மா பாத்துக்கிட்டு உக்கார ஏதாவது வேணும்." ஒன்றும் இல்லாத தண்ணீரில் அப்படி என்னதான் தெரிகிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்று பயம்.

"இன்னா சார், இன்னும் முடிவு பண்ணலியா?" டில்லி காதிலிருந்து போனை எடுக்காமலேயே பக்கத்தில் வந்து நின்றார். "சேந்து இருக்கற மீனுதானே கேட்டீங்க? மோலி எடுங்க, பிளாட்டி எடுங்க, கப்பி எடுங்க, கண்ண மூடிக்கினு எடுங்க. ஏஞ்சல் வேணாம், பெருசானா சின்னத முழுங்கிடும். டைகர் பார்ப் பாக்க ஜோரா இருக்கும், ஆனா சும்மா இருக்காது, அடுத்ததோட வாலக் கடிக்கும். ஃபைட்டர் ஒத்தை ஆளு, அவன் குடும்பத்துக்கு ஆவ மாட்டான்." இங்கர்சால் தலையாட்டினார். எல்லாம் காதில் விழுந்தது, எதுவும் உள்ளே போகவில்லை. பக்கத்தில் ஒரு அம்மாள், கையில் செடிப் பொட்டலத்தோடு, கேட்காமலே பேச்சில் சேர்ந்துகொண்டாள். "மீனு வச்சாலே வூட்டுக்கு நல்லதுங்க. எங்க மாமியாருக்கு ஆபரேசன் அன்னிக்கு நல்லா ஓடிக்கினு இருந்த மீனு சட்டுனு மல்லாந்திடுச்சு. அந்தம்மா மறுநாளே எழுந்து உக்காந்து காப்பி சரியில்லன்னுது." சொல்லும்போது அவளுக்கு அந்த மீனின் மேல் கொஞ்சம் வருத்தம் இருந்த மாதிரித் தெரிந்தது. டில்லி சிரித்தார். இங்கர்சாலும் சிரிக்க வேண்டும் என்று பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை. அப்போதுதான் அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்தது. மனசுக்குள் கேட்டுக்கொண்டதாகத்தான் நினைத்தார். "இதுல எது சீக்கிரம் சாகும்?" டில்லி காதிலிருந்து போனை எடுத்துவிட்டார். "இன்னா சார் கேட்டீங்க?" இல்லை, எது தாங்காது என்று தெரிந்தால் அதை விட்டுவிடலாமே என்று கேட்டேன், என்று இங்கர்சால் இழுத்தார். "அப்டி கேளுங்க. வீட்ல போர் தண்ணியா? அப்ப நியான் வேணாம். நியான் போர் தண்ணில நிக்காது."

அது அவருக்கே தெரியும். தெரியாமல் கேட்டார் என்றால் பொய். அவர் வீட்டுத் தண்ணீரை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? வாளியில் வெள்ளையாகப் படிந்து, பருப்பை வேகவிடாமல், குழாய் வாயில் உப்பாகப் பூத்து நிற்கிற தண்ணீர். மோலிக்கு அது கொண்டாட்டம். நியானுக்கு ஆகாது. நியான் தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். நீலக் கோடு போட்ட சின்ன மீன்கள், ஊசி நீளம்கூட வராது, எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி, எதையோ கேட்டுக்கொண்டிருப்பவை போல நின்றன. இதில் ஒன்று. ஒன்றே ஒன்று. சீ, என்ன புத்தி இது. ஒரு மீனுக்கு ஒரு மனுஷியா? எந்த ஊர் வியாபாரம்? அளவு பார்த்துக் கொடுப்பதாக இருந்தால் சுறாவைத்தான் வாங்கிக் கட்டிப் போட வேண்டும். அதுவும் யாரிடம் கொடுப்பது? வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று தெரிந்தவர்தானே அவர். மேடை போட்டுப் பேசியிருக்கிறார், பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியிருக்கிறார். யாரும் இல்லை. இல்லைதான். ஆனால் வாங்காமல் போய், நாளைக்கு அந்தச் சின்னப் பெண் டாக்டர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு காகிதத்தைப் பிரித்தால்? அப்போது இந்தத் தொட்டியும் இந்த நீலக் கோடும்தான் கண்ணில் வந்து நிற்கும், ஒரு மீன்தானே, வாங்கியிருக்கலாமே என்று. வாங்கி, அது செத்து, ரிசல்ட்டும் நல்லபடியாக வந்தால்? அப்போது ஆயுசுக்கும் அக்காவின் கட்சிக்குப் போய்விட வேண்டியதுதான். அப்பா படத்துக்கு முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பது? போனால் போகிறது, அப்பா கோபித்துக்கொள்ளட்டும். அவருக்கென்ன, அம்மா அவருக்கு அப்புறம்தான் போனாள், இந்த மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வரவே இல்லை. நம்பாதவனுக்குத் தைரியம் அதிகம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி ஒன்றும் இல்லை. நம்புகிறவர்களுக்குத் தேங்காய் உடைக்கவாவது ஒரு படிக்கட்டு இருக்கிறது. அவருக்கு இந்தக் கடை இருக்கிறது. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தேமுக்கால் போல இருந்தது. அதைப் பார்த்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது, ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றார்.

செடிகளிடம் போய்க் கொஞ்ச நேரத்தை ஓட்டினார். ஒரு தட்டில் நாடா நாடாவாகப் பச்சை, ஒன்றில் நூல் நூலாகப் பாசி, ஒன்றில் கையால் தொட்டாலே கரைந்துவிடும் போல மெல்லிய இலை. எது தாங்கும் என்று இப்போது கேட்கத் தேவையில்லை, நாடா தாங்கும், உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் நன்றாகவே வரும். கல்லில் கட்டியிருந்த ஒரு குட்டைச் செடியைத் தூக்கிப் பார்த்தார். தடித்த இலை, அழுத்தினால் மடங்காது. இதுக்கு ஒன்றும் ஆகாது சார், மறந்தே போனாலும் இருக்கும் என்றார் டில்லி. மறந்தே போனாலும். அதையும் எடுத்துக்கொண்டார். செடியை வேர் கல்லுக்குள் போகும்படி அவள்தான் நட வேண்டும். முழங்கை வரைக்கும் கையை விட்டு நடுவாள், அதற்கு இடது கையைத் தூக்க வேண்டியிருக்கும், ஊசி போட்ட இடம் இழுக்கும். நாம் நட்டுவிடலாம். நாம் நட்டால் கோணலாக இருக்கிறது என்று பிடுங்கி நடுவாள். பிடுங்கி நடட்டும். அடுத்த மாதமும் அதற்கு அடுத்த மாதமும் பிடுங்கிப் பிடுங்கி நட்டுக்கொண்டே இருக்கட்டும். இலைகள் எல்லாம் ஒன்றாகக் கலங்கித் தெரிந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பியபோது ஆறு தாண்டி இருந்தது. அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மோலி, பிளாட்டி, அடியில் மண்ணைக் கிளறிக்கொண்டு திரிகிற மீசை வைத்த மீன் என்று டில்லி பிடித்துப் பிடித்துக் கவரில் போட்டார். "அப்புறம் நியான். ஒண்ணு." டில்லியின் வலை நின்றது. "ஒண்ணா? சார், அது கூட்டத்து மீனு. தனியா விட்டீங்கன்னா பயந்தே செத்துரும். அதுவும் உங்க தண்ணிக்கு..." "ஒண்ணு போதும்ப்பா." டில்லி தோளைக் குலுக்கிக்கொண்டார். கூட்டத்துக்குள் வலை போனது. மற்றவை எல்லாம் ஒரே திரும்பலில் அந்தப் பக்கம் போய்விட்டன, ஒன்று மட்டும் இந்தப் பக்கம் நின்றுவிட்டது. அதைத் தனியாக ஒரு சின்னக் கவரில் காற்றடைத்துக் கட்டிக் கொடுத்தார். இங்கர்சால் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

தெருவுக்கு வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது பொற்கொடியிடமிருந்து போன் வந்தது. "எங்க இருக்கீங்க தோழரே? நாலரைக்கே போய்ச் சேர்ந்துட்டேன்னு சொன்னீங்க." கூட்டம் என்றார். "கூட்டமா?" என்றாள் அவள். "ஆறு ஆகட்டும்னு நின்னீங்களா?" அவருக்குச் சுருக்கென்றது. சேச்சே, அதெல்லாம் இல்லை, யார் சொன்னது, என்று படபடவென்று ஆரம்பித்தார். அந்தப் பக்கம் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது, பல நாளாகக் கேட்காத சிரிப்பு. "நின்னா நின்னீங்க, விடுங்க. மாமா இருந்திருந்தா உங்கள வீட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டாரு." அவரும் சிரித்தார், இந்த முறை முகம் கொஞ்சம் ஒத்துழைத்தது. "என்னென்ன மீன் வாங்கினீங்க?" அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில், சொல்லாமல் விட்டிருக்கலாம், ஒரு நியானும் என்றார். "நீலமா மின்னுமே அதுவா? அய்யோ, எனக்கு ரொம்பப் பிடிக்கும், கேக்க நினைச்சு மறந்துட்டேன்." பிறகு அவள் குரல் இறங்கியது. "நானும் ஒண்ணு சொல்லட்டா? சிரிக்கக் கூடாது. அண்ணி எனக்கும் போன் பண்ணி, மீனு செத்தா நல்லதுன்னு ஏதோ சொன்னாங்க. எனக்கு மனசே கேக்கல. எனக்குப் பதிலா அது எதுக்குச் சாகணும், பாவம். அதனால நான் மாத்தி நினைச்சுக்கிட்டேன். நீங்க கொண்டு வர்ற மீனுல ஒண்ணுகூடச் சாகாம நாளைக்குக் காலையில எல்லாம் ஓடிக்கிட்டு இருந்தா, எனக்கும் ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். கிறுக்குத்தனம்தான். ஆனா நினைச்சுட்டேன். பத்திரமா எடுத்துட்டு வாங்க, என்ன?" சரி என்றார் இங்கர்சால். சொன்னது அவளுக்குக் கேட்டதோ இல்லையோ, போன் வைத்தாயிற்று.

அவர் கடைக்குத் திரும்பி ஓடினார் என்றுதான் சொல்ல வேண்டும், அந்த வயதில் அந்தக் கூட்டத்தில் அதற்குப் பெயர் ஓட்டம்தான். நியானைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். "கவர்ல போட்டுட்டா திருப்பி எடுக்க மாட்டோம் சார், வெளிய போன மீன உள்ள விட்டா மத்ததுக்கு ஏதாவது ஒட்டிக்கும். காசு வேணா தர்றேன், அத அப்டியே ஓரமா வச்சிட்டுப் போங்க." ஓரமாக வைத்துவிட்டுப் போனால்? நீல மீன் எங்கே என்று அவள் கேட்பாள். கடையிலேயே விட்டுவிட்டேன் என்று சொன்னால், வழியிலேயே செத்துவிட்டது, மறைக்கிறார் என்று கண்டுபிடித்துவிடுவாள். ராகு காலத்தைக் கண்டுபிடித்தவள் இதைக் கண்டுபிடிக்க மாட்டாளா? துணைக்கு இன்னும் நாலைந்து நியானாகப் பிடித்துப் போகலாம், பயத்தில் சாகாது. தண்ணீரில் சாகும். ஒன்று சாகிற இடத்தில் ஐந்து சாகும், அவளுக்கு எண்ண வேறு வேண்டியிருக்கும். நல்ல தண்ணீர் கேன் வாங்கி ஊற்றினால் மோலிக்கு ஆகாது. நியானை மட்டும் தனியாக ஒரு பாத்திரத்தில் வைத்தால், ஏன் தனியாக வைத்திருக்கிறீர்கள், அதற்கு என்ன, அதற்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று அவள் கேட்பாள். அந்தக் கேள்வியை அவள் வாயால் கேட்க அவருக்குத் தெம்பு இல்லை. எந்தப் பக்கம் போனாலும் அவரே மூடிவிட்டு வந்த கதவு நிற்கிறது. தண்ணீரைப் பற்றித் தெரிந்த மனுஷன், தெரிந்தே, தேடிப் பொறுக்கி, நிற்காத மீனாகப் பார்த்து வாங்கியிருக்கிறார். "இன்னா சார் செய்யப் போறீங்க?" என்றார் டில்லி. தெரியலப்பா என்றார் இங்கர்சால். அதுதான் அன்று முழுக்க அவர் சொன்ன முதல் உண்மை.

ஆட்டோவில் மற்ற பைகளைக் காலடியில் வைத்துக்கொண்டார். சின்னக் கவரை மட்டும் கைக்குட்டையில் சுற்றி, குலுங்காமல் இருக்க இரண்டு கையாலும் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். வெளிச்சம் பட்டால் மிரளும் என்று படித்திருக்கிறார், இருட்டில் இருக்கட்டும். கொஞ்சம் கொஞ்சமாக, சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை இந்தக் கவரில் விட்டுப் பழக்கலாம். ராத்திரி பூராவும் உட்கார்ந்து விடலாம். விட்டால் காலை வரைக்கும் தாங்குமா? தாங்கும் என்று எந்தச் சோதனையும் சொல்லவில்லை, தாங்காது என்றும் சொல்லவில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னா சார், கோயில் தீர்த்தமா? அப்டித் தூக்கிப் புடிச்சுக்கினு வர்றீங்க." இல்லை என்று சொல்ல வாயைத் திறந்த இங்கர்சால், "ஆமாம்ப்பா" என்றார். "கொஞ்சம் மெதுவாப் போ." வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கைக்குட்டைக்குள் எந்த அசைவும் தெரியவில்லை. பிரித்துப் பார்க்கப் பயமாக இருந்தது. கட்டை விரலால் கவரை மெல்ல அழுத்தினார். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் நகர்த்தி அழுத்தினார். விரலுக்கு அடியில் சின்னதாக ஏதோ தட்டுப்பட்டது, அப்படியே நின்றது, அவர் மூச்சை விடவில்லை, பிறகு அது நழுவி ஓடியது. இரு, இரு என்று அவர் அதனிடம் சொன்னார், சத்தமாகவே சொன்னார், ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்ததையும் கவனிக்கவில்லை. உனக்குப் புண்ணியமாப் போகும், நாளைக்குக் காலை வரைக்கும் இருந்துடு.